ஆலயம் தன்னைப் பற்றி ஊருக்கு எப்படிச் சொல்வது? சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபையின் செய்தி வெளியே சரியாகப் போய்ச் சேரவில்லை என்று சேகரத்தை (ஒரு ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளை) நிர்வகிக்கும் கமிட்டியில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் யூடியூப் சேனலில்தான் போய் நிற்கும். கேமரா வாங்கலாம், லைவ் போடலாம், புது லோகோ வரையலாம் என்று வாலிபர்கள் சொல்வார்கள். பெரியவர்கள் செலவைக் கேட்டதும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போடுவார்கள். இதற்கிடையில் வாசல் போர்டில் இருக்கும் ஆராதனை நேரம் இரண்டு ஆயர்களுக்கு முந்தையதாக இருக்கும். அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் நேரம் தெரியுமே, அவர்கள் ஏன் போர்டைப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த வழிகாட்டி வாசலில் தொடங்குகிறது. கேமரா கடைசியில்தான் வரும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். லுத்தரன் சபைகளுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கத்தோலிக்கப் பங்குகளில் கமிட்டி இருக்கும் இடத்தில் பங்குப் பேரவை இருக்கும், மற்றபடி வேலை ஒன்றுதான்.

படி 1: வெளியாள் ஒருவரை வரச் சொல்லுங்கள்

சபைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரைப் பிடியுங்கள். வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பம், கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளை, பக்கத்துத் தெரு இந்து நண்பர், யாராக இருந்தாலும் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த உதவியும் இல்லாமல் அவர் ஆலயத்தைக் கண்டுபிடித்து வந்து, ஆராதனை முடியும் வரை இருந்துவிட்டுப் போகட்டும். கமிட்டி உறுப்பினர் ஒருவரே இதைச் செய்து பார்ப்பதில் பயனில்லை, அவருக்கு எல்லாமே பழக்கம்.

அவர் திரும்பிய பிறகு உட்கார்ந்து கேளுங்கள். ஆராதனை எத்தனை மணிக்கு என்று எங்கே பார்த்தார்? அது சரியாக இருந்ததா? செருப்பை வெளியே விடுவதா, போட்டுக்கொண்டே உள்ளே போவதா என்பது எப்படித் தெரிந்தது? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் ஆலயமாக இருந்தால், தப்பான பக்கம் போய் உட்கார்ந்தாரா? எல்லோரும் எழுந்தபோது ஏன் எழுந்தார்கள் என்று புரிந்ததா? பாமாலைப் புத்தகத்தை யாராவது கொடுத்தார்களா, அல்லது கையில் எதுவும் இல்லாமல் நின்றாரா? கழிப்பறை எங்கே? ஒருவராவது பேசினாரா?

திருவிருந்து ஞாயிறாக இருந்தால் இன்னொரு கேள்வி. வரிசை வரிசையாக எல்லோரும் முன்னால் போகும்போது தானும் போக வேண்டுமா, கூடாதா என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்றவர்கள் பங்குபெறுவார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே ஜெபத்தில் இருக்கலாம் என்று ஆயர் முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும். பிற சபையாருக்கும் குழந்தைகளுக்கும் உங்கள் ஆலயத்தில் என்ன வழக்கமோ அதையும் சேர்த்துச் சொல்லலாம். பல ஆலயங்களில் இதைச் சொல்வதே இல்லை. வந்தவர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார், அடுத்த வாரம் வரமாட்டார்.

அவர் சொன்னதை வரிவரியாக எழுதி வையுங்கள். அடுத்து வரும் படிகளில் எதை முதலில் எடுப்பது என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

படி 2: நாம் யார் என்பதை நாலு வரியில் எழுதுங்கள்

கடினமான படி இதுதான். "கர்த்தருடைய பெரிதான கிருபையால் இம்மட்டும் நடத்தப்பட்டு வரும் எங்கள் திருச்சபை" என்று தொடங்கும் பத்தி எல்லாச் சபை மலர்களிலும் உண்டு. பெயரை மாற்றினால் எந்தச் சபைக்கும் பொருந்தும். அதனால்தான் அது உங்கள் சபையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

வேறு வழியில் போங்கள். ஆயர், செக்ஸ்டன் (ஆலயத்தைப் பராமரிக்கும் ஊழியர்), ஞாயிறு பள்ளி ஆசிரியை, கொயரில் பாடும் ஒரு பெண், கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு வாலிபர், அறுபது வருடமாக வரும் ஒரு பாட்டி, கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்த ஒரு மருமகள் என்று பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: "ஊரில் இன்னும் நாலு சபை இருக்கிறதே, இங்கே ஏன் வருகிறீர்கள்?" பதில்கள் பக்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் தாத்தா கட்டின கோயில் என்பார் ஒருவர். பாட்டு நன்றாக இருக்கும் என்பார் இன்னொருவர். அப்பா இறந்தபோது மூன்று நாளும் சபையார்தான் சோறு கொண்டுவந்தார்கள் என்று யாராவது சொன்னால் அதை அடிக்கோடிட்டு வையுங்கள். சபை மலரில் வராத அடையாளம் அது.

அடுத்து வரலாறு. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஏற்கெனவே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இதில் இணைந்தன. ஆகவே எல்லா சி.எஸ்.ஐ. ஆலயத்துக்கும் ஒரே பழக்கம் இருக்காது. கன்னியாகுமரி பக்கம் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) மரபு. திருநெல்வேலிச் சீமையில் மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ்., இடையன்குடியும் நாசரேத்தும் எஸ்.பி.ஜி.; இரண்டும் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கங்கள். மதுரையில் 1834-லிருந்து அமெரிக்கன் மிஷன். உங்கள் ஆலயத்தில் ஆயர் அங்கி போடும் விதம், பீடம் இருக்கும் இடம், பாட்டின் ராகம் எல்லாவற்றிலும் அந்தப் பழைய வீட்டின் வாசனை கொஞ்சம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு ஒரு வரியில் சொல்லலாம். அஸ்திவாரக் கல் போட்ட நாளிலிருந்து இருந்த எல்லா ஆயர்களின் பட்டியலும் சபை மலருக்குப் போகட்டும், இங்கே வேண்டாம்.

இப்போது எழுதுங்கள். ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு சபை இப்படி எழுதலாம்:

"ரயில்வே ஊழியர்களின் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சபை இது. இன்றும் மாற்றலாகி வருகிறவர்களும் போகிறவர்களுமாகத்தான் இருக்கிறோம், அதனால் இங்கே யாரும் நீண்ட நாள் புதியவராக இருப்பதில்லை. ஞாயிறு காலை தமிழில் ஆராதனை. பாமாலையும் கீர்த்தனையும் இரண்டும் பாடுவோம். வியாழன் மாலை பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் உண்டு, எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம்."

இதில் பெரிய வார்த்தை எதுவும் இல்லை. இரட்சிப்பு, கிருபை, ஸ்தோத்திரம் எல்லாம் ஆராதனைக்குள் அதனதன் இடத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. தெருவில் போகிறவர் படிக்கப்போகும் வரியில், வீட்டில் பேசும் தமிழ் போதும்.

ஒரு விஷயத்தை மழுப்ப முடியாது. "எல்லாரும் வாருங்கள்" என்று எழுதும் முன், அது உண்மையா என்று கமிட்டி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துக் குழி ஒதுக்கும் வழக்கம் நம் கிறிஸ்தவர்களிடையே சில ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. கமிட்டியில் எந்தக் குடும்பத்தார் உட்காரலாம் என்பது எழுதாத சட்டமாக இருக்கும் சபைகளும் உண்டு. ஊருக்கு இதெல்லாம் தெரியும். அந்தச் சபை எவ்வளவு அழகான போர்டு வைத்தாலும் ஊர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கும். அங்கே தகவல் தொடர்புக்கு முன் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

லோகோ பற்றியும் ஒரு வார்த்தை. தாமரையும் சிலுவையும் சேர்ந்த சி.எஸ்.ஐ. சின்னம் ஏற்கெனவே இருக்கிறது, எல்லோரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற யோவான் 17:21-ன் வேண்டுதலோடு. புதிதாக ஒன்று வரைய ஆகும் நேரத்தில் போர்டை மாற்றிவிடலாம்.

படி 3: வாசல் போர்டு

தெருவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டியவை: ஆலயத்தின் பெயர், எந்தத் திருச்சபை, ஆராதனை நேரம், மொழி, ஆலயத்துக்கென்று உள்ள தொலைபேசி எண். அவ்வளவுதான். ஆயரின் பெயர் இருக்கலாம், ஆனால் கழற்றி மாட்டும் தனிப் பலகையில். ஆயர் மாற்றலாகிப் போவார், போர்டு அங்கேயே இருக்கும். அவருடைய சொந்தக் கைபேசி எண்ணை எழுதிவிட்டு, அவர் போன பிறகு இரண்டு வருடம் அவருக்கே அழைப்பு போய்க்கொண்டிருக்கும் கதை எல்லாத் திருமண்டலத்திலும் (பிஷப்பின் நிர்வாகப் பகுதி) உண்டு. சபைப் பெயரில் ஒரு சிம் வாங்கிவிடுங்கள்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை, ஈஸ்டர் அதிகாலை ஆராதனை, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை ஆகிய நேரங்களுக்குக் கீழே ஒரு சாக்பீஸ் பலகை போதும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களில்தான் வருவார்கள்.

ஒலிபெருக்கியும் ஒரு போர்டுதான், காதுக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை நாட்களுக்கு அரசு தரும் தளர்வு தனி. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவில் 45. காலை ஐந்து மணிக்குக் கூம்பு ஸ்பீக்கரில் கீர்த்தனை போடும் சபையைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று பக்கத்து வீட்டு நோயாளியிடம் கேட்டால் தெரியும். ஆலய மணி போதும். கிராமங்களில் முதல் மணி, இரண்டாம் மணி, துக்க மணி என்று சத்தத்தை வைத்தே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

படி 4: ஞாயிறு அறிவிப்பு

சபையின் மொத்தத் தகவல் தொடர்பில் அதிகம் பேர் கேட்பதும் மோசமாகச் செய்யப்படுவதும் இதுதான். செயலாளர் எழுந்து வந்து, நாலு துண்டுச் சீட்டையும் ஒரு கைபேசியையும் மாறி மாறிப் பார்த்து வாசிப்பார். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், பிறந்தநாள் காணிக்கை, கல்லறைத் தோட்டச் சுத்தம், யாரோ ஒருவர் ஒப்படைத்த குடை. பதினைந்து நிமிடம் போகும். வெளியே வந்ததும் "கூட்டம் எத்தனை மணிக்குன்னு சொன்னாங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள்.

திருமண ஓலை (நடக்கவிருக்கும் திருமணத்தின் முன்னறிவிப்பு) வாசிப்பதைச் சுருக்க முடியாது, அது முறைப்படி சபையின் முன்னால் வாசிக்கப்பட வேண்டியது. மீதி எல்லாவற்றுக்கும் மூன்று விதிகள். ஒன்று, சனிக்கிழமை மதியத்துக்குள் எழுத்தில் கைக்கு வராதது மரணச் செய்தியாக இருந்தால் தவிர வாசிக்கப்படாது. முதல் மாதம் சண்டை வரும், அப்புறம் பழகிவிடும். இரண்டு, ஒரு குழுவுக்கு மட்டுமான செய்தி அந்தக் குழுவுக்கே போகட்டும். கொயர் பயிற்சி நேரம் முந்நூறு பேருக்குத் தேவையில்லை. மூன்று, ஒவ்வொரு அறிவிப்பிலும் என்ன, எப்போது, எங்கே, யாரைக் கேட்பது என்ற நான்கும் இருக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

வழக்கமான வாசிப்பு இப்படி இருக்கும்: "கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, வருகிற சனிக்கிழமை நமது வாலிபர் ஐக்கியத்தின் சார்பாக ஆயர் அவர்களின் தலைமையிலும் உப தலைவர் அவர்களின் முன்னிலையிலும் ஒரு மாபெரும் இரத்ததான முகாம் நடைபெற கர்த்தர் கிருபை செய்திருக்கிறார், அனைவரும் திரளாகக் கலந்துகொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்."

இப்படி மாற்றலாம்: "சனிக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை, பாரிஷ் ஹாலில் இரத்ததான முகாம். 18 வயது முடிந்தவர்கள் கொடுக்கலாம். காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பெயர் கொடுக்க, வாசலில் நிற்கும் வாலிபர் ஐக்கியச் செயலாளரைப் பாருங்கள்."

முதலாவதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. யார் தலைமை என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

படி 5: வாட்ஸாப்

ஒரு வாட்ஸாப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சபை முழுவதையும் ஒரே குழுவில் போட்டுவிடுகிறார்கள். விடிந்ததும் நூறு "ப்ரைஸ் த லார்ட்", பூப்படத்தில் வசனம், யாரோ அனுப்பிய வதந்தி. அதற்கு நடுவே புதைந்துபோன அடக்க ஆராதனை நேரம். எல்லோரும் குழுவை மியூட்டில் போட்டிருப்பார்கள்.

இரண்டாகப் பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி அமைத்துவிட்டு, வாரத்துக்கு மூன்று செய்திக்கு மேல் போடாதீர்கள். பேச விரும்புகிறவர்களுக்கு வேறு குழு இருக்கட்டும், அங்கே பூப்படம் தாராளமாக வரலாம். சாதாரணக் குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பெண்களும் பெற்றோரும் யோசிப்பார்கள். வாட்ஸாப் சேனலில் பின்தொடர்கிறவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சபையில் இல்லாதவர்களும் தயங்காமல் சேரலாம். பிராட்காஸ்ட் லிஸ்டை நம்ப வேண்டாம். அது 256 பேருக்குத்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

ஜெபக்குறிப்புகளில் நிறையத் தப்பு நடக்கிறது. "இன்ன தெரு இன்னாரின் மகளுக்குக் குழந்தை பாக்கியம் வேண்டி", "இன்னாருக்குக் கேன்சர் நான்காம் நிலை" என்று எழுதி அனுப்புவார்கள். நல்ல மனதோடுதான். அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விடும். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் பெயரும் நோயும் சேர்ந்து ஒரு செய்தியில் வரக் கூடாது. "நம் சபையில் ஒரு சகோதரி அறுவை சிகிச்சைக்குப் போகிறார், ஜெபியுங்கள்" என்பதே போதும், கடவுளுக்குத் தெருப் பெயர் தேவையில்லை.

பிள்ளைகளின் படமும் அப்படித்தான். விடுமுறை வேதாகமப் பள்ளிப் படங்களைப் போடும் முன், பதிவுப் படிவத்திலேயே பெற்றோரின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். சபை நடத்தும் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் தேவை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளியே தெரியாமல் காக்க 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இருக்கிறது. கிறிஸ்துமஸ் புத்தாடை கொடுத்த படத்தை நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் துணிகளைப் படம் எடுங்கள், முகங்களை வேண்டாம்.

திருமண்டலத் தேர்தல் வந்தால் அறிவிப்புக் குழு ஒரு அணியின் கைக்குப் போய்விடும். இதைத் தடுக்க ஒரு தீர்மானத்தை முன்கூட்டியே கமிட்டியில் நிறைவேற்றி மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள்: தேர்தல் தேதியும் வாக்காளர் பட்டியல் விவரமும் தவிர, எந்த வேட்பாளர் பற்றியும் எந்தச் செய்தியும் சபையின் அதிகாரப்பூர்வ வழிகளில் வராது. தேர்தல் சூடு பிடித்த பிறகு கொண்டுவந்தால் அதுவே ஒரு அணியின் தீர்மானமாகிவிடும்.

படி 6: அழைப்பிதழும் பிளெக்ஸும்

பிரதிஷ்டைப் பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் ஆண்டு விழா) அழைப்பிதழைக் கையில் எடுங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, நிதிக்குழு, விருந்துக்குழு என்று முப்பது பெயர். அசனம் (எல்லோருக்குமான பொது விருந்து) எத்தனை மணிக்கு என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் ஆறு மாதம் பேசாது என்பதால் யாரும் இதில் கை வைப்பதில்லை. சண்டை வராமல் மாற்ற ஒரு வழி இருக்கிறது. பெயர்கள் அனைத்தும் உள் பக்கத்தில் அகர வரிசையில் இருக்கட்டும். முகப்பில் பண்டிகையின் பெயர், நாள், நேரம், இடம், "அசனம் மதியம் 12 மணிக்கு, அனைவருக்கும்" என்ற வரி, இவ்வளவுதான். அதே முகப்பு தெருவில் ஒட்டும் நோட்டீஸாகவும் பயன்படும்.

பிளெக்ஸைக் கூடிய மட்டும் குறையுங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் விழுந்து லாரியில் அடிபட்டு இறந்தார். அதன் பிறகும் அனுமதியில்லாமல் சாலை நடுவே கன்வென்ஷன் பேனர் கட்டுகிற சபை, என்ன பிரசங்கம் செய்து என்ன பயன்? ஆலய வளாகத்துக்குள், சுவரோடு சேர்த்து ஒன்று கட்டலாம். அதில் பிரசங்கியாரின் முகம் ஆளுயரத்துக்கு வேண்டியதில்லை. இன்ன நோய் தீரும் என்ற வாக்குறுதியும் வேண்டாம். ஏமாந்தவர் உங்கள் வாசலுக்குத்தான் திரும்பி வருவார்.

படி 7: கூகுள் மேப்

இதற்கு ஒரு மாலை நேரம் ஆகும், பலன் வருடக்கணக்கில் இருக்கும். உங்கள் ஆலயம் ஏற்கெனவே அதில் இருக்க வாய்ப்பு அதிகம், யாரோ ஒருவர் தப்பான பெயரில் சேர்த்திருப்பார். சபைப் பெயரில் உள்ள மின்னஞ்சலில் அந்த இடத்துக்கு உரிமை கோருங்கள். சரிபார்க்க வளாகத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். நேரம், தொலைபேசி எண், நாலு படம், நீங்கள் எழுதிய நாலு வரி ஆகியவற்றை ஏற்றுங்கள். படங்களில் ஒன்று தெருவிலிருந்து வாசல் தெரியும்படி இருக்க வேண்டும், ஆட்டோக்காரருக்குக் காட்ட. பண்டிகை நாட்களுக்குச் சிறப்பு நேரம் போடும் வசதியும் அதிலேயே உண்டு.

படி 8: இனி கேமரா

முதலில் யாருக்காக என்று முடிவுசெய்யுங்கள். படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும், வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் என்றால் ஒரு நிலையான கைபேசியும் ஸ்டாண்டும் போதும். செலவு செய்ய வேண்டியது ஒலியில். ஆலயத்தின் எதிரொலியைக் கைபேசி மைக் அப்படியே வாங்கும், பிரசங்கம் கிணற்றிலிருந்து வருவதுபோல் கேட்கும். மிக்சரிலிருந்து நேராக ஒரு லைன் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வழிபாட்டில் பாடுவதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. யூடியூப்பின் தானியங்கிச் சோதனை அதைப் பார்ப்பதில்லை. ஆராதனைக்கு முன் ஸ்பீக்கரில் ஓடும் சிடி பாட்டு ஒளிபரப்பில் போனால் வீடியோவே முடங்கலாம், அதனால் ஒலியை ஆராதனை தொடங்கும்போது திறந்தால் போதும். திருவிருந்து நேரத்தில் மக்களின் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுபோக வேண்டாம், பீடத்திலோ சிலுவையிலோ நிற்கட்டும். முழு ஆராதனையை வெளியாள் யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார். பிரசங்கத்திலிருந்து மூன்று நிமிடத்தை வெட்டி, அதில் என்ன இருக்கிறது என்று தலைப்பில் சொல்லிப் போட்டால் பார்ப்பார். "ஞாயிறு செய்தி 14.07" என்ற தலைப்பை யாரும் தொட மாட்டார்கள்.

படி 9: யார் செய்வது

ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். கணினி தெரிந்த ஒரு வாலிபரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் சேனலின் கடவுச்சொல்லும் கூடவே போன சபைகள் நிறைய உண்டு. எழுதத் தெரிந்த ஒருவர், தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் என்று இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும். எழுதுகிறவர் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்தால் நல்லது, சபையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவசரச் செய்தி எதுவும் ஆயரிடமோ செயலாளரிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே போகக் கூடாது.

எல்லாக் கணக்குகளும் சபையின் மின்னஞ்சலிலும் சபையின் எண்ணிலும் இருக்க வேண்டும். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அதே இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஆயர் மாற்றலாகிப் போகும்போது சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும் பட்டியலில் இந்த உறையையும் ஒரு வரியாகச் சேருங்கள். புது ஆயர் பொறுப்பேற்கும் வாரத்திலேயே அதைத் திறந்து கடவுச்சொற்களை மாற்றி, வாசல் போர்டின் பெயர்ப் பலகையையும் கூகுள் மேப்பையும் ஒரே நாளில் திருத்திவிடலாம்.